வேகமும் தண்டமும்

1896ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28ஆம் நாள், இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்துப் பாடக் வுட் என்னும் சிற்றூரின் வழியே குதிரை பூட்டாத வண்டியொன்று சென்றது. அதை ஓட்டியவர் வால்டர் ஆர்னால்டு. மோட்டார் வண்டி விற்பனையில் ஈடுபட்டிருந்தவர். ஊருக்குள் அத்தகைய வண்டிக்கு அந்நாட்டுச் சட்டம் அனுமதித்த வேகம் மணிக்கு 2 மைல். அவர் சென்றதோ 8 மைல். அவ்வூர்க் காவலர் ஒருவர் மிதிவண்டியில் ஏறி, ஐந்து மைல் தூரம் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. குதிரை இல்லாமல் வண்டியைச் செலுத்தியது, வண்டிக்கு வேண்டிய ஆட்களை வைத்துக்கொள்ளாதது என வேறு குற்றச்சாட்டுகளும் உண்டு. வேகத்துக்கென்று விதிக்கப்பட்ட அபராதம் ஒரே ஒரு ஷில்லிங். மோட்டார் வண்டியின் வேகத்துக்காக உலகில் முதன்முதல் தண்டனை பெற்றவர் என்று அவரைத்தான் வழக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். அந்த வழக்கால் அவருடைய வியாபாரத்துக்கு விளம்பரம் கிடைத்ததே தவிர, கெடுதி ஏதும் விளைந்ததாகத் தெரியவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், லண்டனில் பளிங்கு மாளிகை எனப்படும் கிரிஸ்டல் பாலஸ் தோட்டத்தில் மோட்டார் வண்டிகளைப் பொதுமக்களுக்கு ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற நடுத்தர வயதுப் பெண்மணி அவ்வண்டியொன்றில் அடிபட்டு இறந்தார். வண்டி மணிக்கு 4 மைலுக்கு மேல் போகவில்லை என்று ஓட்டியவர் சாட்சி சொன்னார். விசாரணையில் தற்செயலான மரணம் என முடிவாயிற்று, யார்மீதும் வழக்கில்லை. இத்தகைய நிகழ்ச்சி இனி நேராதிருக்கட்டும் என்று விசாரணை அதிகாரி தம் விருப்பத்தைத் தெரிவித்துக்கொண்டாராம்.

நேயர்கள் இவ்விரு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் வேகம் இருந்தது, ஒருவருக்கும் தீங்கில்லை, தண்டனை கிடைத்தது. மற்றொன்றில் ஓர் உயிர் போயிற்று, வேகம் மிகுதியில்லை என்றார்கள், தண்டனை இல்லை. நீதிமன்றம் எதைத் தண்டிக்க வேண்டும்? விரைந்து சென்றதையா, அவ்விரைவினால் விளைந்ததையா, அல்லது விரையும்போது ஓட்டுபவன் மனத்தில் இருந்ததையா? அன்று எழுந்த இக்கேள்வி நம் நாட்டு நீதிமன்றங்களிலும் நூற்றைம்பது ஆண்டுகளாக வெவ்வேறு உருவில் திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருக்கிறது. அதன் வரலாற்றைத்தான் இப்பேச்சில் சொல்ல எண்ணுகிறேன்.

இங்கிலாந்தின் கதையை விரைவாக முடித்துவிடலாம். 1865ஆம் ஆண்டுச் சட்டம் சாலையில் செல்லும் இயந்திர வண்டிக்கு ஊர்ப்புறத்தில் 4 மைல், நகரில் 2 மைல் என எல்லை வகுத்ததோடு, வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியுடன் நடந்து செல்ல வேண்டும் என்றும் விதித்தது. வண்டியின் வேகம் மனிதனின் நடைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. கொடி 1878இல் நீங்கியது. நடந்து செல்லும் ஆள் நீங்க 1896 நவம்பர் ஆயிற்று. அப்போது எல்லை 14 மைல் ஆயிற்று, நடைமுறையில் 12. 1903இல் அது 20 ஆயிற்று. 1930இல் கார்களுக்கு வேக எல்லையையே எடுத்துவிட்டார்கள்! நல்ல குடிமகன் தன் பொறுப்பைத் தானே உணர்வான் என்று நம்பினார்கள் போலும். 1934இல் அந்நாட்டுச் சாலைகளில் 7,000 பேருக்கு மேல் மாண்டனர். அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் குடியிருப்புப் பகுதிகளில் 30 மைல் என்ற எல்லை நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டின் கதை வேறு விதமாகத் தொடங்குகிறது. மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே அதைத் தண்டிக்கும் சட்டம் இங்கே பிறந்துவிட்டது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 279ஆம் பிரிவு என ஒன்றிருந்தது. பொது வழியில், மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வகையிலோ பிறருக்குக் காயம் உண்டாகும் வகையிலோ, கண்மூடித்தனமாக அல்லது கவனக்குறைவாக வண்டி ஓட்டுபவனுக்கும் சவாரி செய்பவனுக்கும் ஆறு மாதச் சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பது அதன் சாரம். அப்பிரிவை எழுதியவர்களின் கண்முன் நின்றவை குதிரை வண்டியும் மாட்டு வண்டியுமே. வேகம் என்ற சொல்லே அதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எத்தனை மைல் என்று அது கேட்கவில்லை. எப்படி ஓட்டினாய் என்று மட்டுமே கேட்டது. 1860இல் ஆயிரம் ரூபாய் என்பது ஒரு குடும்பத்தின் சொத்து. அதே ஆயிரம் ரூபாய்தான் 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவிலும் நிற்கிறது. ஆறு மாதமும் அப்படியே. குதிரை போய்விட்டது, தொகை மட்டும் நின்றுவிட்டது.

மூலச் சட்டத்தில் ஒரு குறை இருந்தது. கொல்ல வேண்டுமென்ற எண்ணமில்லாமல், கவனக்குறைவினால் ஒருவன் மரணத்துக்குக் காரணமானால் என்ன தண்டனை என்பதற்குத் தனிப் பிரிவு இல்லை. 1870இல் 304-அ என்ற பிரிவைச் சேர்த்து அக்குறையை நீக்கினார்கள். அதன்படி மிக உயர்ந்த தண்டனை இரண்டு ஆண்டுச் சிறை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் நாட்டில் சாலையில் உயிரிழந்தோருக்கு நியாயம் கேட்டு நடந்த குற்ற வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டு ஆண்டு என்னும் கூரையின் கீழேயே நடந்தன.

இங்கே நம் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. கண்மூடித்தனம் என்றால் என்ன, கவனக்குறைவு என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை. 1872இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஹாலோவே அவ்விளக்கத்தைத் தந்தார். தீங்கு விளையக்கூடும் என்று தெரிந்தும், விளையாது என்ற நம்பிக்கையில் துணிந்து செய்வது கண்மூடித்தனம். அத்தீங்கை எண்ணிப் பார்க்க வேண்டிய கடமை இருந்தும் எண்ணாமல் விடுவது கவனக்குறைவு. மோட்டார் வண்டி இந்நாட்டு மண்ணை மிதிப்பதற்கு முன் சொல்லப்பட்ட இவ்விளக்கத்தை, பம்பாயிலும் தில்லியிலும் கார் விபத்து வழக்குகளைத் தீர்த்த நீதிபதிகள் 21ஆம் நூற்றாண்டிலும் எடுத்தாண்டிருக்கிறார்கள். முன்னவன் கண்ணைத் திறந்துகொண்டே பள்ளத்தை நோக்கி ஓட்டுகிறான்; பின்னவன் கண்ணையே திறக்கவில்லை. நீதிமன்றங்கள் இவ்வேற்றுமையை அறிந்திருந்தும், இருவருக்கும் சட்டம் ஒரே தண்டனையை வைத்தது.

மோட்டார் வண்டிகள் வந்தபின் மாகாணங்கள் தனித்தனியே விதிகள் செய்துகொண்டன. 1914இல் இந்தியா முழுமைக்கும் ஒரு மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது. 1939இல் அதைவிட விரிவான சட்டமொன்று வந்து, சுதந்திரத்துக்குப் பின்னும் 1989 வரை ஆட்சி செய்தது. அதன் பின் வந்ததே 1988ஆம் ஆண்டுச் சட்டம். 1939இன் சட்டத்தில் வேகம் பற்றிய பகுதியை எழுதியவர்கள் உலகம் அறிந்தவர்கள் என்றே சொல்வேன். அவர்கள் செய்த இரண்டு ஏற்பாடுகளை எடுத்துக்காட்டாமல் செல்ல மனமில்லை.

முதலாவது சாட்சியம் பற்றியது. இந்த வண்டி எல்லைக்கு மேற்பட்ட வேகத்தில் சென்றது என்று ஒரே ஒரு சாட்சி தன் அபிப்பிராயமாகச் சொன்னால் மட்டும் போதாது. அவ்வபிப்பிராயம் ஏதேனும் ஓர் இயந்திரக் கருவியின் கணக்கை ஆதாரமாகக் கொண்டிருக்க வேண்டும். இல்லையேல் தண்டிக்கக் கூடாது. கெண்ட் நாட்டுக் காவலர் மிதிவண்டியில் துரத்திக்கொண்டு போய்ச் சொன்ன சாட்சியம் மட்டும் இங்கே செல்லாது என்று பொருள். சாலையோரத்தில் நிற்கும் ஒருவரின் கண், பாய்ந்து வரும் வண்டியின் வேகத்தை அளக்கத் தகுந்த கருவியன்று. இந்தக் காப்பு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 183ஆம் பிரிவிலும் தொடர்கிறது.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. பேருந்து முதலாளி ஒருவர் கால அட்டவணை ஒன்றை வெளியிடுகிறார். இத்தனை மணிக்குப் புறப்பட்டு இத்தனை மணிக்குச் சேர வேண்டும் என்கிறார். அந்த நேரத்துக்குள் சேர வேண்டுமானால் வேக எல்லையை மீறியே தீர வேண்டும் என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால், அந்த அட்டவணையே முதலாளிக்கு எதிரான சாட்சியம் ஆகிவிடும். குற்றம் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையில் மட்டும் இல்லை, அட்டவணை எழுதிய கையிலும் இருக்கலாம் என்பதை 1939லேயே உணர்ந்திருந்தார்கள்.

ஆனால் உணர்ந்ததற்கு ஏற்பத் தண்டித்தார்களா என்றால், இல்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். எல்லை மீறி ஓட்டிய ஓட்டுநருக்கு முதல் முறை 400 ரூபாய் வரை அபராதம்; மறுமுறை 1,000 ரூபாய் வரை. அவ்வாறு ஓட்டச் செய்த முதலாளிக்கோ முதல் முறை 300 ரூபாய், மறுமுறை 500 ரூபாய்! ஏவியவனுக்குக் குறைவு, ஏவப்பட்டவனுக்கு அதிகம். வடநாட்டு நெடுஞ்சாலைகளில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று எழுதிய லாரிகளைக் காணும்போது நம் மனம் மகிழ்கிறது. அந்த லாரியை ஓட்டி வருபவர் எத்தனை இரவு உறங்காமல் வந்திருக்கிறார், சரக்கு எந்த நேரத்துக்குச் சேர வேண்டுமென்று யார் அவரிடம் சொல்லியனுப்பினார் என்பதை நாம் கேட்பதில்லை. சட்டமும் அவ்வளவாகக் கேட்கவில்லை. இவ்வேற்றுமை 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் மறைந்தது. இப்போது ஓட்டுபவருக்கும் ஓட்டச் செய்பவருக்கும் ஒரே அபராதம். சிறு வண்டிக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 வரை. மறுமுறை குற்றம் செய்தால் லைசென்ஸும் பறிமுதல் ஆகும். அபாயகரமாக ஓட்டுவது என்னும் கடுமையான குற்றத்துக்கு 184ஆம் பிரிவு முன்பு முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் என்று சொன்னது. திருத்தத்துக்குப் பின் அது ஆறு மாதத்துக்குக் குறையாத, ஓராண்டு வரையிலான சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று கடுமையாயிற்று.

சட்டப் புத்தகத்தில் உள்ளது இது. நீதிமன்றத்தில் நடந்தது என்ன?

1979இல் பஞ்சாபைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. உயிர்ச் சேதம் விளைவித்ததற்காக அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டிருந்தது. பெரிய குடும்பம், ஏழ்மை, ஆகவே தண்டனையைக் குறைக்க வேண்டுமென்று அவர் வேண்டினார். தீர்ப்பு எழுதியவர் பாலக்காட்டில் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்று, தலைச்சேரியில் வழக்காடிய வி.ஆர். கிருஷ்ணய்யர். கைதிகளிடம் கருணை காட்டுபவர் என்று பேர் பெற்றவர். அவரே தண்டனையைக் குறைக்க மறுத்துவிட்டார். ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. சிறையில் இவருக்குச் சாலை விதிகளையும் உயிரின் அருமையையும் கற்பிக்க வேண்டும், வெறும் அடைப்பினால் நல்ல ஓட்டுநர் உருவாகமாட்டார் என்றார். பிறகு, அந்தத் தீர்ப்பிலேயே எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் ஒரு குறையை எடுத்துக் காட்டினார்: குற்றவாளியைப் பற்றி இவ்வளவு பேசும் நம் குற்றவியல் சட்டத்தில், பாதிக்கப்பட்டவனுக்கு ஈடு செய்வது என்ற எண்ணம் கண்ணுக்கே தெரியாத தொலைவில் இருக்கிறது என்பதே அது. ஓட்டுநர் சிறைக்குப் போனால் அரசின் கணக்கு நேராகிவிடும். மாண்டவரின் மனைவியின் கணக்கு நேராவதில்லை.

1998இல் வேறொரு வழக்கு. 1982இல் கர்நாடகத்தில் ஒரு லாரி ஓடையைக் கடக்கையில் கவிழ்ந்து 15 பேர் இறந்தனர். லாரி மிக வேகமாக வந்தது என்று சாட்சிகள் சொன்னார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மிக வேகம் என்பது எத்தனை வேகம்? ஒருவருக்கு வேகம் எனப்படுவது மற்றவருக்கு மெதுவாகத் தோன்றலாம். ஆகவே வேகமாக ஓட்டினார் என்பதைக் கொண்டு மட்டுமே கண்மூடித்தனத்தையோ கவனக்குறைவையோ ஊகித்துவிட முடியாது, அரசுத் தரப்பு வேறு சான்று காட்டியிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறி, ஓட்டுநரின் விடுதலையை உறுதி செய்தது. பதினைந்து உயிர்கள் போன பிறகு இது என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பின்னர் யோசித்துப் பார்க்கையில், குறை தீர்ப்பிலன்று, விசாரணையில் என்று தெளிந்தேன். சாலையில் சக்கரம் தேய்ந்த தடம், வண்டியின் பிரேக், பாரம், சாலையின் நிலை ஆகிய எதையும் முறைப்படி அளந்து நீதிமன்றத்தின் முன் வைக்கவில்லையென்றால், நீதிபதி எதைக்கொண்டு தண்டிப்பார்? இறந்தோர் எண்ணிக்கை துயரத்துக்கு அளவு, குற்றத்துக்குச் சான்றாகாது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் 2000ஆம் ஆண்டில் ஒரு தீர்ப்பு வந்தது. நீதிபதி கே.டி. தாமஸ் எழுதியது. நன்னடத்தைச் சட்டத்தின்படி சிறையின்றி விட்டுவிட வேண்டுமென்று கேட்ட ஓட்டுநருக்கு அச்சலுகையை மறுத்த தீர்ப்பு அது. எப்படியும் இரக்கம் காட்டுவார்கள் என்ற எண்ணம் தொழில் ஓட்டுநர் மனத்தில் புகுந்துவிடக் கூடாது, அந்த எண்ணம் புகுந்தால் அடுத்த வளைவில் இன்னொருவர் சாவார் என்பது அதன் கருத்து. 2015இலும் பஞ்சாப் வழக்கொன்றில் இதே கருத்து உறுதிப்பட்டது. விசாரணை நீதிமன்றம் ஓராண்டு விதித்திருந்தது. உறவினருக்கு ஈட்டுத் தொகை கொடுத்துவிட்டதால், அதுவரை சிறையிலிருந்த 24 நாள் போதும் என்று உயர் நீதிமன்றம் குறைத்தது. இருவர் இறந்த வழக்கில் 24 நாளா என்று உச்ச நீதிமன்றம் வினவி, ஆறு மாதமாக்கியது. பணம் கொடுத்தால் சிறை குறையும் என்ற நிலை வந்தால் ஏழைக்கொரு நீதி, பணக்காரனுக்கொரு நீதி என்றாகிவிடும் அன்றோ?

அந்த ஐயத்தை நாட்டுக்கே உரக்க எழுப்பியவை இரண்டு வழக்குகள். 1999 ஜனவரி 10ஆம் நாள் விடியற்காலையில் தில்லி லோதி சாலையில் விலையுயர்ந்த வெளிநாட்டுக் கார் ஒன்று மோதி ஆறு பேர் மாண்டனர். அவர்களில் மூவர் காவலர். 2006 நவம்பர் 12ஆம் நாள் அதிகாலையில் பம்பாய் பாந்திராப் பகுதியின் கார்ட்டர் சாலையில், குடித்துவிட்டு ஓட்டப்பட்ட கார் ஒன்று நடைபாதையில் ஏறி, அங்கே உறங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர் எழுவரைக் கொன்றது, எண்மர் காயமுற்றனர். சாலை போடவும் வீடு கட்டவும் பெருநகரத்துக்கு வந்து, தங்க இடமின்றி நடைபாதையில் படுத்திருந்தவர்கள் அவர்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த எவருக்கும் அந்த நடைபாதை அந்நியமானதன்று.

இரு வழக்குகளிலும் எழுந்த கேள்வி ஒன்றே. இது இரண்டு ஆண்டுக் கூரைக்குள் அடங்கும் கவனக்குறைவா, அல்லது சாவு நேரும் என்று தெரிந்தே செய்த, கொலையாகாத மனித உயிர்ப்பறிப்பா? பின்னதாயின் 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதிப்படி பத்து ஆண்டு வரை சிறை. பம்பாய் வழக்கில் விசாரணை நீதிமன்றம் ஆறு மாதச் சிறையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. உயர் நீதிமன்றம் தெரிந்தே செய்ததென்று கொண்டு மூன்று ஆண்டு ஆக்கியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மூன்று ஆண்டு மிகக் குறைவு, ஆயினும் தண்டனையைக் கூட்டும்படி அரசு மேல்முறையீடு செய்யாததால் எங்கள் கை கட்டுண்டிருக்கிறது என்றும் வருத்தத்துடன் குறித்தது. அரசு ஏன் கேட்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்கும் உரிமை நேயர்களுக்கு உண்டு.

தில்லி வழக்கு பதின்மூன்று ஆண்டு நடந்தது. விசாரணை நீதிமன்றம் ஐந்து ஆண்டு விதித்தது. உயர் நீதிமன்றம் கவனக்குறைவுதான் என்று இரண்டாக்கியது. 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெரிந்தே செய்த குற்றம் என்ற முடிவை மீண்டும் நிலைநாட்டிற்று. ஆனால் சிறைவாசம் ஏற்கெனவே கழித்த இரண்டு ஆண்டு போதுமென்று விட்டு, 50 லட்சம் ரூபாயும் இரண்டு ஆண்டுச் சமூகப் பணியும் விதித்தது. குற்றத்தின் பெயரை உயர்த்திவிட்டுத் தண்டனையை அப்படியே வைத்த இத்தீர்ப்பை என்னால் முழு மனத்தோடு ஏற்க முடியவில்லை. ஐம்பது லட்சம் கொடுக்க முடியாத ஒரு லாரி ஓட்டுநர் அந்தக் கூண்டில் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் விலக மறுக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் என்று தனியே ஒன்று இருக்கையில் தண்டனைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கலாமா என்ற ஐயமும் ஒரு காலத்தில் எழுந்தது. கூடாது என்று 2008இல் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் கூறியது. அப்படியானால் உயிர் போனாலும் சில்லறை அபராதத்தோடு முடிந்துவிடும். 2019இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, இரு சட்டங்களும் தத்தம் துறையில் தனித்து நிற்பவை என்று தெளிவாக்கியது.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் மிகுவேக விபத்துகளில் இறந்தனர் என்கிறது அரசின் அறிக்கை. இந்நிலையில் 2024 மே 19ஆம் நாள் புனே நகரில், பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய கார் மோதி, மத்தியப் பிரதேசத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த இளம் பொறியாளர் இருவர் இறந்தனர். சிறார் நீதி வாரியம் உடனே ஜாமீன் தந்தது. அதற்கு விதித்த நிபந்தனைகளில் ஒன்று சாலை விபத்தைப் பற்றி 300 சொல்லில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது. அது தண்டனையன்று, ஜாமீன் நிபந்தனைதான் என்று சட்டம் அறிந்தவர் விளக்கினர். ஆனால் பொதுமக்கள் செவியில் அது ஒரு ஷில்லிங்காகவே விழுந்தது. நாடெங்கும் கூச்சல் எழவே, சில நாட்களில் உத்தரவு மாறிச் சிறுவன் கண்காணிப்பு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். அடுத்த மாதம் உயர் நீதிமன்றம் அவனை விடுவிக்கச் சொன்னது. வயது வராதவரிடம் வண்டியைக் கொடுத்த பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் சாவி கொடுக்கும் நம் வீட்டாரும் அறிந்திருப்பது நல்லது.

புதிய தண்டனைச் சட்டம் பழைய இரண்டு ஆண்டுக் கூரையை உடைத்துவிட்டது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் இப்போது ஐந்து ஆண்டு வரை சிறை. அதே பிரிவில் இன்னொரு உட்பிரிவு: கண்மூடித்தனமாக ஓட்டி உயிர்ச் சேதம் விளைவித்துவிட்டு, காவல் துறைக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ உடனே அறிவிக்காமல் ஓடிவிட்டால் பத்து ஆண்டு வரை. 2024 ஜனவரித் தொடக்கத்தில் லாரி ஓட்டுநர்கள் நாடு முழுதும் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பல நகரங்களில் பெட்ரோல் நிலையங்களின் முன் வரிசை நீண்டது. நின்றால் கூட்டம் அடித்துக் கொல்லும், ஓடினால் பத்து ஆண்டு என்பது அவர்களின் முறையீடு. இது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அடிபட்டவருக்கு உதவ வேண்டிய கடமையைச் சொல்லும் 1988ஆம் ஆண்டுச் சட்டமே, கூட்டத்தின் ஆத்திரத்தால் இயலாமற் போனாலன்றி என்று விலக்களித்திருக்கிறது. சாலையில் கூடும் கூட்டம் மாஜிஸ்திரேட்டுக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடும் என்பதைச் சட்டம் இயற்றியவர்களும் அறிந்தே இருந்தார்கள். ஓட்டுநர்களோடு கலந்து பேசுவதாக அரசு உறுதி கூறியது. ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

இனி, தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு நேரே தொடர்புள்ள சில செய்திகள். லைசென்ஸ் எந்த மாநிலத்தில் பெற்றதாயினும் நாடெங்கும் செல்லும். ஆனால் குற்றம் நடந்த இடத்து நீதிமன்றமே விசாரிக்கும். சேலத்து ஓட்டுநர் நாக்பூர்ப் பக்கத்தில் பிடிபட்டால் நாக்பூருக்கே போக வேண்டும். இத்தொல்லையைக் குறைக்கும் பொருட்டு, சிறு குற்றங்களுக்கு நேரில் வராமல் வழக்குரைஞர் மூலமாகவோ, பதிவுத் தபாலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு குறிப்பிட்ட தொகையை அனுப்பியோ முடித்துக்கொள்ளும் வழியைச் சம்மனிலேயே எழுதி அனுப்பும் வழக்கம் 1939 முதலே உண்டு. தூரத்தை நினைத்து அஞ்சிச் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டவர் எத்தனை பேரோ!

விபத்தில் குடும்பத்தில் ஒருவரை இழந்தவர்கள் நஷ்ட ஈடு கோரும் மனுவை விபத்து நடந்த ஊரில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், தாம் வசிக்கும் இடத்து நியாய சபையிலேயே கொடுக்கலாம். இதை அறியாமல், பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெரியாத ஊரின் நீதிமன்ற வாசலில் நிற்கும் பெண்களுக்கு யாரேனும் இச்செய்தியைச் சொன்னால் பேருதவியாகும்.

கடைசியாக, எண்களின் ஒரு வேடிக்கை. கண்மூடித்தனமாக ஓட்டியவனைத் தண்டித்த பழைய தண்டனைச் சட்டப் பிரிவின் எண் 279 என்று சொன்னேன். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 279 என்ற பிரிவு உண்டு. கூண்டில் நிற்பவனுக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அவனுக்குப் புரியும் மொழியில் திறந்த நீதிமன்றத்திலேயே அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அது. 2024இல் அச்சட்டமும் மாறியது. எண் மாறினாலும் அந்த உரிமை மாறவில்லை. முதல் 279 தன்மீது பாய்ந்ததை மராத்தியிலோ இந்தியிலோ கேட்டு ஒன்றும் விளங்காமல் தலையசைத்து நின்ற தமிழ் ஓட்டுநர், இரண்டாவது 279ஐ நீதிபதியிடம் கேட்டுப் பெற்றிருக்கலாம், இன்றும் கேட்கலாம்.